அக்காவைப் பின்னால் உட்காரவைத்து கியாந்தி மலைப்பாதையில்

"திராட்சைத் தோட்டம் பாக்க யாராவது காசு குடுத்துப் போவாங்களாடி?" என்றுதான் அக்கா முதலில் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் பந்தல்தான். கல்தூண், கம்பி, அதற்கு மேலே கூரை போட்டது மாதிரி இலை, கீழே தலையில் முட்டுகிற அளவுக்குத் தொங்கும் பன்னீர் திராட்சைக் கொத்துகள். சின்ன வயசிலிருந்து அதற்குள்ளேயே ஓடி விளையாடிவிட்டு, இத்தாலியின் கியாந்தி மலைப்பகுதிக்குப் போய் ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல் கட்டி இன்னொருத்தர் தோட்டத்தைப் பார்ப்பதா என்பது அவள் வாதம். நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, "வெஸ்பா ஓட்டலாம்க்கா" என்று மட்டும் சொன்னேன். அதோடு சம்மதித்துவிட்டாள்.

ஏன் சம்மதித்தாள் என்று சொல்ல அப்பாவின் பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீல நிறம். அதிகாலையில் திராட்சைப் பெட்டிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பம் போவார், திரும்பி வந்து எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்தில் விடுவார், நான் முன்னால் நின்றுகொண்டு, அக்கா பின்னால் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு. காலையில் கிளம்பாவிட்டால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, மறுபடி உதைப்பார், அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அந்த வண்டியின் அம்மாதான் வெஸ்பா. 1960களில் பஜாஜ் கம்பெனி இத்தாலியின் பியாஜியோவிடம் உரிமம் வாங்கி வெஸ்பாவையே இங்கே செய்தது, 1971இல் ஒப்பந்தம் முடிந்ததும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் சேட்டக் என்று பேர் வைத்து 1972இலிருந்து தானே விற்றது. ஆக அப்பா வாழ்நாள் முழுக்க ஓட்டியது ஒரு இத்தாலிய உருவத்தைத்தான், அது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் அப்போது தெரியாது.

வெஸ்பா பிறந்த ஊரான பொந்தேதேரா, ஃபிளாரன்ஸுக்கும் பீசாவுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே விமானம் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை குண்டு விழுந்து நொறுங்கிப் போக, போர் முடிந்தபின் என்ரிகோ பியாஜியோ எல்லோராலும் வாங்க முடிகிற ஒரு வண்டி வேண்டும் என்று கொர்ராதினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளரிடம் வேலையைக் கொடுத்தார். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காதாம். அழுக்கு, சங்கிலி, கால் தூக்கிப் போட்டு ஏறுவது எதுவும் வேண்டாம் என்று அவர் வரைந்ததுதான் இந்த வடிவம், 1946 ஏப்ரலில் காப்புரிமைக்கு மனு போட்டார்கள். வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியில் குளவி. புடவை கட்டிய பெண்களும் ஏறி உட்கார முடிகிற வண்டியாக நம் ஊரில் அது நிலைத்ததற்கு அந்த மனிதரின் பிடிவாதம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி வாரம். போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: நம் ஊர் லைசென்ஸ் மட்டும் போதாது, ஆர்டிஓ ஆபீஸில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், அதில் இருசக்கர வண்டிக்கான பிரிவும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். எங்கள் குழுவில் ஒருவரிடம் கார் ஓட்டுவதற்கு மட்டுமே அனுமதி இருந்தது, பாவம், அவரை ஓட்ட விடவில்லை, நாள் முழுக்க வேறு ஒருவர் பின்னால்தான் உட்கார்ந்து வந்தார். அக்கா ஊரில் தினமும் டிவிஎஸ் எக்ஸெல்லில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவள், ஆனால் அனுமதி என் பேரில்தான் வாங்கியிருந்தோம், அதனால் அவள் பின்னால், நான் முன்னால்.

ஃபிளாரன்ஸிலிருந்து வேனில் அரை மணி நேரம் தெற்கே கூட்டிப் போய் ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் இறக்கினார்கள். வரிசையாக வெஸ்பாக்கள், 125 சிசி, கியர் கிடையாது, திருகினால் போகும். "இதென்ன, கிளட்ச் எங்க?" என்று அக்கா இடது கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள். அப்பாவின் வண்டியில் கியர் அங்கேதான் இருக்கும். வழிகாட்டி ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், பக்கத்து ஊரான கிரேவேயிலேயே பிறந்து வளர்ந்தவள். முற்றத்தில் நாலு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னாள். எனக்கு ஓட்டுவதில் பயம் இல்லை, சாலையில் வலது பக்கமாகப் போவதுதான் பயமாக இருந்தது. நேர் சாலையில் சமாளித்துவிடலாம். ரவுண்டானா வந்தால் கை தானாக இடது பக்கம் இழுக்கும். அவள் சொன்ன யோசனை எளிமையானது, முன்னால் போகிறவரின் பின்விளக்கை மட்டும் பார். அதைப் பிடித்துக்கொண்டே அன்று முழுவதும் ஓட்டினேன்.

நாங்கள் போன சாலைக்கு கியாந்திஜானா என்று பேர், ஃபிளாரன்ஸிலிருந்து சியேனாவுக்குப் போகும் 222ஆம் எண் சாலை. நேராகப் போகிற துண்டு ரொம்பக் குறைவு. ஒரு குன்றின் தோளில் ஏறி, வளைந்து, இறங்கி, மறுபடி ஏறும். காரில் போனால் இது வெறும் காட்சி. வண்டியில் போனால் அப்படி இல்லை, காட்டுக்குள் நுழைந்ததும் சட்டென்று குளிரும், ஓக் மர நிழலும் ஈர மண் வாசனையும் அடிக்கும், வளைவு தாண்டி வெயிலுக்குள் வந்தால் முகத்தில் சூடு, கூடவே எங்கிருந்தோ நொதிக்கிற திராட்சையின் புளித்த வாசனை. கியாந்தி கிளாசிகோ என்ற ஒயினுக்காகக் குறிக்கப்பட்ட நிலம் சுமார் 70,000 ஹெக்டேர், அதில் திராட்சைக் கொடி இருப்பது ஏழில் ஒரு பங்குதான், பெரும்பகுதி காடு. படங்களில் திராட்சை வரிசைகளை மட்டுமே காட்டுவதால் இந்தக் காட்டை நான் எதிர்பார்க்கவே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை நின்று பார்க்குமே, அந்த மாதிரி இல்லை இது. இங்கே மலையும் காடும் தோட்டமும் ஒன்றுக்குள் ஒன்று நெய்து கிடக்கின்றன.

முதல் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினோம். அறுவடை நடந்துகொண்டிருந்தது. அக்கா இறங்கின வேகத்தில் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து நேராக வரிசைக்குள் போய்விட்டாள். "ஏய், கொடி ஏன்டி இடுப்பளவு நிக்குது?" பந்தல் கிடையாது, வேலி மாதிரி கம்பி கட்டி அதில் படரவிட்டிருக்கிறார்கள், கொத்துகள் முழங்கால் உயரத்தில் தொங்குகின்றன. நம் ஊரில் வெயிலிலிருந்து காயைக் காப்பாற்றப் பந்தல், இங்கே கிடைக்கிற வெயிலை முழுதாகக் காய்க்குக் கொடுக்க வேலி. மண்ணைக் கையில் எடுத்தாள், மண் என்று சொல்ல முடியாது, தகடு தகடாக உடைகிற கல். கலெஸ்த்ரோ என்கிறார்கள். தண்ணீர் நிற்காது, வேர் ஆழமாகப் போயே ஆக வேண்டும்.

அப்புறம் அவள் கண்ணில் அது பட்டது. கொடியின் அடியில், தரையில், காய்ந்து சுருங்கிக் கறுத்த கொத்துகள். ஒன்றிரண்டு இல்லை, வரிசை நெடுக. அக்கா குனிந்து ஒன்றை எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்தாள். கத்திரியால் வெட்டிய காம்பு. "இது தானா விழுந்தது இல்ல. வெட்டிப் போட்டிருக்காங்க." அவள் குரல் மாறிவிட்டது. ஒரு கொத்து அழுகினாலே அன்றைக்குச் சோறு இறங்காத வீடு எங்களுடையது.

வழிகாட்டி வந்து விளக்கினாள், நான் தமிழில் சொன்னேன். கோடையிலேயே, காய் நிறம் மாறுவதற்கு முன்போ மாறும்போதோ, ஒரு பகுதிக் கொத்துகளை வேண்டுமென்றே வெட்டிக் கீழே போட்டுவிடுவார்கள். மிச்சம் இருப்பவற்றுக்குக் கொடியின் சத்து முழுதாகப் போகும். அதோடு கியாந்தி கிளாசிகோ என்று பேர் போட வேண்டுமானால் ஹெக்டேருக்கு ஏழரை டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அக்கா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள், ஏக்கருக்கு மூணு டன். "நாம ஒரு பருவத்துலயே இதவிட மேல எடுக்குறோம். இவங்களுக்கு வருசத்துக்கு ஒரு தடவைதானே?" ஆமாம், ஒரு தடவைதான். எங்கள் ஊரில் கொடியை வெட்டிக் கவாத்து செய்கிற தேதியை மாற்றி மாற்றி வருஷம் முழுக்கக் காய் எடுக்கலாம். இங்கே குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும். அந்த ஒரு அறுவடையில் மழை வந்தால் போச்சு.

அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து வந்து தன் கத்திரியை அவளிடம் நீட்டினார். அவருக்கு இத்தாலிய மொழி தவிர வேறு தெரியாது, இவளுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. அக்கா ஒரு கொத்தை இடது உள்ளங்கையில் தாங்கி, காம்பை ஒட்டி வெட்டி, பழத்தின் மேல் விரல் படாமல் பெட்டியில் வைத்தாள், மேலே இருக்கும் மாவு மாதிரியான பூச்சு கலையாமல். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு அவள் பக்கத்திலேயே வெட்ட ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிஷம் இருவரும் ஒரே வரிசையில் போனார்கள். அன்றைய நாளில் நான் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

சாஞ்சோவேசே, அந்தத் திராட்சைக்குப் பேர். ஒன்றைத் தின்று பார்த்தேன். சின்னப் பழம், தோல் தடிப்பு, இனிப்போடு ஒரு புளிப்பு, கடைசியில் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. நம் பன்னீர் திராட்சையின் வாசனை கொஞ்சமும் கிடையாது. கியாந்தி கிளாசிகோ ஒயினில் இது குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருந்தால்தான் கிளாசிகோ, வெறும் கியாந்தி என்றால் அதைச் சுற்றியுள்ள மற்ற பகுதிகளிலிருந்து வருவது. 1716இலேயே, கியாந்தி அடங்கிய டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ இந்த ஒயின் பகுதிக்கு எல்லை வகுத்து ஆணை போட்டிருக்கிறார், 1924இல் உற்பத்தியாளர்கள் 33 பேர் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். சேவலுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் எல்லைத் தகராறு, சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒரு குதிரை வீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கிற இடம் எல்லை. சியேனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டார்கள், ஃபிளாரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடிவதற்கு ரொம்ப முன்பே கூவிவிட்டது. முக்கால்வாசி நிலம் ஃபிளாரன்ஸுக்கு.

ஒயின் ருசி பார்ப்பது பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் வண்டி ஓட்டுகிறேன், பின்னால் அக்கா. வாயில் வைத்து, சுழற்றி, பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட்டேன், அதற்காகத்தான் அந்தப் பாத்திரத்தை வைக்கிறார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம், மலைவளைவில் அதற்குக் குறைவாக இருந்தாலும் ஆபத்து. எங்கள் குழுவில் இரண்டு பேர் குடித்துவிட்டு ஓட்டக் கேட்டபோது வழிகாட்டி சாவியை வாங்கிக்கொண்டு வேனில் ஏறச் சொல்லிவிட்டாள். அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான்.

கிரேவேயில் முக்கோண வடிவச் சதுக்கம், சுற்றி வளைவுத் தாழ்வாரம், நடுவில் 1524இல் நியூயார்க் விரிகுடாவுக்குள் கப்பல் விட்ட வெர்ராட்சானோவின் சிலை. காபி குடித்தோம், கிளம்பினோம். மதியச் சாப்பாடு மேலே மோன்தேஃபியொராலே என்ற கோட்டைச் சுவர் ஊரில். உப்பே போடாத ரொட்டி, அதன்மேல் பச்சையாக ஆலிவ் எண்ணெய், ரிபொல்லித்தா என்று ஒரு கெட்டி சூப், அவரையும் கீரையும் பழைய ரொட்டியும் போட்டது. பேருக்கு அர்த்தம் மறுபடி கொதிக்க வைத்தது. அக்காவுக்கு உடனே பிடிபட்டது, "சுண்டக்குழம்பு மாதிரி". மிச்சத்தைத் தூக்கிப் போடாத ஏழை வீட்டுச் சாப்பாடு அது.

அங்கிருந்து இறங்கும்போது ஒரு மண்பாதை. வெள்ளைச் சரளை, அதை அவர்கள் வெள்ளைச் சாலை என்றே சொல்கிறார்கள். ஒரு வளைவில் பயந்து வலது கை பிரேக்கை அழுத்திவிட்டேன், அது முன்சக்கர பிரேக், சக்கரம் வழுக்கி வண்டி மெல்லச் சாய்ந்தது. அக்கா சட்டென்று காலை ஊன்றியதால் நாங்கள் விழவில்லை, கண்ணாடி மட்டும் சுவரில் உரசிக் கீறல். சரளையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது, இடது கையை லேசாகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும், இதைக் காலையிலேயே சொல்லியிருந்தார்கள், பதற்றத்தில் மறந்துவிட்டேன். அக்கா என் முதுகில் கையை வைத்து "மெதுவா போ, அவசரமில்ல" என்றாள். அதற்கப்புறம் இருபதுக்கு மேல் போகவில்லை.

மெதுவாகப் போனதால்தான் அந்த வீடு கண்ணில் பட்டது. கல் வீடு, மாடியில் ஒரு சின்ன கோபுரம், புறாக் கூண்டு. முன்னால் செங்கல் பாவிய வட்டமான தளம், அதை ஒட்டி நீச்சல் குளம். எங்களுக்கு முன்னால் போன வழிகாட்டி வண்டியை நிறுத்தினாள். "என் தாத்தா பிறந்த வீடு" என்றாள்.

ஆனால் அது அவர்கள் வீடு கிடையாது. எந்தக் காலத்திலும் அவர்கள் வீடாக இருந்ததில்லை. மெட்சாத்ரியா என்று ஒரு முறை, டஸ்கனியில் நூற்றாண்டுக் கணக்காக இருந்தது. நிலமும் வீடும் முதலாளியுடையது, உழைப்பு முழுக் குடும்பத்துடையது, விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி இவர்களுக்கு. கோதுமையில் பாதி, ஒயினில் பாதி, எண்ணெயில் பாதி. அதுபோக கிறிஸ்துமஸுக்குக் கோழி, ஈஸ்டருக்கு முட்டை. வீட்டில் கல்யாணம் என்றாலும் முதலாளியின் சம்மதம் வேண்டும், ஏனென்றால் ஒரு வாய் கூடுகிறதா, ஒரு ஜோடிக் கை குறைகிறதா என்பது அவர் கணக்கு. அன்றைக்குத் தோட்டமும் இப்படி இல்லையாம், திராட்சைக் கொடியை மேப்பிள் மரத்தில் ஏற்றிவிட்டு நடுவில் கோதுமை, இடையே ஆலிவ். நம் பக்கம் அகத்தியில் வெற்றிலைக் கொடி ஏறுமே, அதே மாதிரி. சாப்பாட்டுக்கும் வேண்டும், பங்கும் கொடுக்க வேண்டும், அதனால் எல்லாமே ஒரே வயலில். நான் காலையிலிருந்து ரசித்த நேர் நேரான வரிசைகளில் பெரும்பாலானவை அறுபதுகளுக்குப் பிறகு வந்தவை.

நான் இதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா குறுக்கிட்டாள். "வாரம்." அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் தாத்தா பந்தல் போடுவதற்கு முன்னால் இருபது வருஷம் இன்னொருவர் நெல் வயலை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்குத்தான் ஓட்டினார். அப்புறம் என்னிடம், "பங்கு எங்க வச்சு அளப்பாங்கன்னு கேளு" என்றாள். கேட்டேன். வழிகாட்டி நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த செங்கல் தளத்தைக் காட்டினாள். அதுதான் களம். முதலாளியின் காரியக்காரர் வருகிற வரை ஒரு மூட்டையைக்கூட உள்ளே எடுத்துப் போகக் கூடாது. அக்கா தலையாட்டினாள். எங்கள் தாத்தாவும் களத்தில் நெல்லுக்குக் காவலாகப் படுத்திருந்த கதையைச் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அந்தப் பெண் கண்ணை எடுக்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போருக்குப் பிறகு உழைத்தவர்கள் போராடித் தங்கள் பாதிப் பங்கை 53 சதவீதமாக்கினார்கள். 1964இல் சட்டம் வந்து 58 ஆனது, இனிமேல் புதிதாக இந்த ஒப்பந்தமே எழுதக் கூடாது என்றும் ஆனது. ஆனால் அதற்குள் ஆட்களே இல்லை, பிள்ளைகள் ஃபிளாரன்ஸுக்கும் பிராத்தோவுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள், இந்தக் கல் வீடுகள் ஓடு சரிந்து கிடந்தன. பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாங்கிப் புதுப்பித்தார்கள். அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பயணத்துக்குப் போகிற யாராக இருந்தாலும் வழிகாட்டியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று. ஒயின் பற்றி பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. இது எங்கேயும் எழுதியிருக்காது, உள்ளூரில் பிறந்த ஒருவர் கூட வந்தால்தான் தெரியும், எனக்குக் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைத்தது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

அந்த வீட்டை அடுத்து ஆலிவ் மரங்கள், ஒவ்வொன்றும் ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டாகக் கிளம்பியிருந்தன. 1985 ஜனவரியில் வந்த உறைபனியில் டஸ்கனியின் ஆலிவ் மரங்கள் பெரும்பாலும் பட்டுப்போக, தரையோடு வெட்டிவிட்டார்கள், வேர் சாகாமல் இருந்ததால் பக்கத்தில் துளிர்த்து வந்தவை இவை. அக்கா ஒரு தண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் முற்றத்துக்குத் திரும்பியபோது கண்ணாடிக் கீறலைக் காட்டி என் தப்புதான் என்று சொன்னேன், அதற்குண்டான பணத்தையும் கட்டினேன். வழிகாட்டி அக்காவிடம் சாவியை நீட்டி முற்றத்துக்குள் ஒரு சுற்று ஓட்டச் சொன்னாள். ஒன்றுக்கு மூன்று சுற்று ஓட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகை நேராக வைத்து, அப்பா உட்காருகிற மாதிரியே.

ராத்திரி ஃபிளாரன்ஸில் அறைக்கு வந்ததும் தன் கணவருக்கு, என் மாமாவுக்கு, போன் போட்டாள். ஊரில் நேரம் நள்ளிரவு தாண்டியிருந்தது, அவரும் தூங்காமல்தான் இருந்தார். வெஸ்பாவையும் சொல்லவில்லை, கோட்டை ஊரையும் சொல்லவில்லை. "இங்க காயை வெட்டிக் கீழ போடுறாங்கங்க" என்று ஆரம்பித்தாள். எந்த நேரத்தில் வெட்டுகிறார்கள், எத்தனை கொத்து விடுகிறார்கள் எல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"ரெண்டு வரிசையில மட்டும் செஞ்சு பாப்போங்க. ஓரத்து வரிசை."

மாமா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "ஆமா, ரெண்டே ரெண்டுதான்" என்று இவள் சொன்னது கேட்டது.